நெற்றியில் இருந்தது பொத்தான் இல்லை

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் தாளில் பொய் எழுதிக்கொண்டிருக்கிறார். நானும் சேர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உனக்கு ஒரு வரிகூடப் படிக்க வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்துக் கிரியோலில் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கும் சிரமம், அவருக்கும் சிரமம். இருக்கட்டும். வெளிநாட்டில் குடியேற நீ நிரப்பி வைத்திருக்கும் விண்ணப்பத்தில் ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் பிரெஞ்சு என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நம் வீட்டில் பிரெஞ்சு பேசுவது வானொலிப் பெட்டி ஒன்றுதான். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்று நம் கோயில் மாத இதழுக்கும் போகிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அச்சாகும். உன் பெயர் அதில் இருக்காது. நீ போகத் துடிக்கும் நாட்டின் பெயரும் இருக்காது. உன்மீது எனக்கு மிச்சமிருக்கும் இரக்கம் அவ்வளவுதான். மார்ச் மாதம் இந்தத் தீவுக்குச் சுதந்திரம் வந்து கொடி மாறப்போகிறது என்று பயந்து கப்பலுக்குப் பதிவு செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் உண்டு. அவர்களில் யாருக்காவது இது உதவும்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உன் அப்பாவுக்கு இந்த நிமிஷம்வரை அது தெரியாது. சனிக்கிழமை காலை, அவர் துறைமுக அலுவலகத்துக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுத் தையற்காரி மதாம் இர்மா வந்தாள். கையில் நீல நிறத்தில் ஒரு கவுன். அதற்கு மேல் ஒரு தொப்பி.

“போட்டுப் பாருங்க மதாம். இடுப்பு சரியா வரலைன்னா என்னைத் திட்டாதீங்க. ஒரு ரவிக்கையைக் கையில குடுத்து கவுன் தைன்னா, மேல்பாதி உங்க அளவு, கீழ்ப்பாதி கடவுள் விட்ட வழி” என்றாள்.

“எந்தக் கவுன்?” என்றேன்.

“ஐயோ. பையன் சொல்லலையா? அம்மாவுக்குத் திடீர்னு குடுக்கப்போறேன்னான். தொப்பி என்னோடது, இரவல். என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டது. ஒரு சிறகு உதிர்ந்திருக்கு, அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமா வச்சு உக்காந்துக்குங்க.”

“எங்கே உக்காரணும்?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இர்மா புத்திசாலி. கவுனை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “செவ்வாய்க்கிழமை போர்ட் லூயிஸ்ல விசா ஆபீசுக்கு. அப்படித்தான் சொன்னான். என்னைக் கேட்டா நீங்க சேலையிலதான் நல்லா இருக்கீங்க. ஆனா என்னை யாரு கேக்கறா.”

காணாமல் போயிருந்த என் பச்சை ரவிக்கையையும் அவள் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நீ அதை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் வேலி ஓரமெல்லாம் தேடினேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

மதியம் நீ வந்தாய். உனக்குச் சோறு போட்டுவிட்டு, கவுனைக் காட்டிக் கேட்டேன். நீ கொஞ்சமும் தயங்கவில்லை. வாயில் சோற்றோடு கிரியோலில் பேசினாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

“மா, ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம். வெள்ளைக்கார வம்சம்னாதான் அந்த நாட்டுல சேர்த்துக்குவாங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் உயிரோட இருந்தா ரெண்டு பேரும் வரணுமாம். அப்பா கோட்டு போட்டா போதும், அவர் யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. நீதான் காட்டிக்குடுத்துடுவே. கவுனைப் போட்டுக்கோ, நெத்தியில ஒண்ணும் வேண்டாம், ‘உய், மிஸ்யே’ன்னு ஆமா போட்டுட்டு உக்காரு.”

“என்னை யார்னு சொல்லப்போறே?”

“அம்மான்னுதான். பாண்டிச்சேரியில பிறந்த பிரெஞ்சுக் குடும்பம்.”

“நான் பிறந்தது திருச்சி.”

“அந்த ஆபீஸ் ஆளுக்குத் திருச்சி எங்கே இருக்குன்னு தெரியவாபோகுது?”

“நான் மாட்டேன்னா?”

“மாட்டேன்னா ‘தாய்’ங்கிற இடத்துல காலமானார்னு எழுதிடறேன். அதுக்கு நீ வரவே வேண்டியதில்லை. ஊறுகாய் இருக்கா மா?”

ஊறுகாய் எடுத்து வைத்தேன். நீ சாப்பிட்டாய். என்னைக் கொல்வதாகச் சொன்ன வாயால் மாங்காய் காரம் போதவில்லை என்றும் சொன்னாய். உன் அப்பா இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். அவரை அவசரப்படுத்தாதே.

நீ போவதால் எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நானும் கப்பலேறி வந்தவள்தான். உன் அப்பா திருச்சிக்குப் படிக்க வந்தவர், என் அண்ணனோடு ஒரே வகுப்பு. நான் இயற்பியல் பட்டம் வாங்கிய வருஷம் என்னைக் கல்யாணம் செய்து இந்தத் தீவுக்கு அழைத்து வந்தார். பம்பாயில் கப்பலேறும்போது அம்மா அழுதாள், நான் அழவில்லை. எனக்கு உலகம் பார்க்க வேண்டும் என்ற வெறி. அந்த வெறி உனக்கு இருந்தால் அது என்னிடமிருந்து வந்தது. அதற்காக உன்னைத் திட்ட எனக்கு உரிமையில்லை. ஆனால் துறைமுகத்தில் இறங்கியபோது யார் கேட்ட கேள்விக்கும் நான் என் அம்மாவைச் சாகடித்துப் பதில் சொல்லவில்லை.

நீ எப்படி இங்கே வந்து சேர்ந்தாய் என்று சனிக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்தால் ரோஸ் ஹில்லில் பார்த்த ஒரு கார்ட்டூன் படம் வந்து நிற்கிறது. உனக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. பெரிய படம் என்ன என்பதே எனக்கு மறந்துவிட்டது, குதிரைகளும் துப்பாக்கிகளும் இருந்தன. அதற்கு முன்னால் ஏழெட்டு நிமிஷம் ஓடியது இந்தச் சின்னப் படம். தலையில் கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு புல்டாக், காபி பாத்திரத்தில் நெருப்பு மூட்டி அதையே ராக்கெட்டாக்கிப் பறந்துபோய், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கிரகத்தில் இறங்கும். கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே பைப் புகைக்கும். காற்று இல்லாத இடத்தில் அது எப்படி எரியும் என்று உன் காதில் சொன்னேன். “சும்மா இருங்கம்மா” என்றாய். அப்போதெல்லாம் நீ என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாய், வாங்க போங்க என்பாய்.

அந்தக் கிரகத்தில் இருப்பவர்கள் பேரிக்காய் மாதிரி உருவம். பச்சை உடம்பு, மெல்லிய கை. ஒவ்வொருவர் நெற்றியிலும் வட்டமாக, சிவப்பாக ஒன்று. புல்டாக் அதை என்னவென்று தெரியாமல் ஒன்றின் நெற்றியில் விரலை வைத்து அழுத்தும். அழுத்தியதும் அந்த ஜீவன் வாயைத் திறக்கும், சூடாக இரண்டு ரொட்டித் துண்டு வெளியே குதிக்கும். இன்னொன்றை அழுத்தினால் குடையாக விரியும். இன்னொன்று நாற்காலியாக மடங்கும், புல்டாக் அதன்மேல் உட்காரும். ஒன்று துடைப்பமாகித் தரையைப் பெருக்கிக்கொண்டே திரைக்கு வெளியே போய்விடும். ஐந்து நிமிஷத்தில் அந்த நாய் ஓர் ஊரையே தனக்கு வீட்டுச் சாமானாக மாற்றிவிட்டு, கட்டிலாகிப் போன ஒருவன்மேல் படுத்துக் குறட்டை விடும். ஒவ்வொரு முறை அது விரலை நீட்டும்போதும் அரங்கத்துப் பிள்ளைகள் ‘பெஸ் லி, பெஸ் லி’ என்று கத்தினார்கள். அழுத்து, அழுத்து. நீயும் கத்தினாய். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “பாரு, மத்ராஸ்காரிங்க” என்றது. இந்த ஊரில் நம்மை அப்படித்தானே சொல்கிறார்கள். அரங்கம் முழுக்கச் சிரித்தது. நீ அந்த அரையிருட்டில் திரும்பி என் நெற்றியைப் பார்த்தாய்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்காது. சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆளாக இருந்துவிடுவேனோ என்று பயந்து, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். உன் அப்பா சிரிக்கவில்லை. அவர் தொடையில் தொப்பியை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

படத்தின் முடிவு உனக்குத் தெரியாது. நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, அப்பா உன்னைத் தண்ணீர் குடிக்க வெளியே அழைத்துப் போய்விட்டார். நான் தனியாகப் பார்த்தேன். அங்கே இருப்பதிலேயே சின்ன ஜீவன் ஒன்று, தூங்கும் நாயின் மூக்கைப் பார்த்து, அதுவும் ஒரு பொத்தான் என்று நினைத்து அழுத்தும். நாய் மடங்கி மடங்கிக் கைப்பிடி வைத்த பெட்டியாகிவிடும். அவர்கள் அந்தப் பெட்டியைக் காபி பாத்திரத்தில் வைத்து வந்த வழியே அனுப்பிவிடுவார்கள். அதற்கும் அரங்கம் சிரித்தது, ஆனால் முன்னைப்போல இல்லை. நான் உனக்கு அந்த முடிவைச் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் விட்டேன் என்று பத்து வருஷமாகத் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு உன்னோடு மூன்று பையன்கள் வந்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நீ நேராக என்னிடம் வந்து, எம்பி, என் பொட்டின்மேல் விரலை வைத்து அழுத்தினாய். பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஓர் அறை கொடுத்திருக்க வேண்டும். ஓர் அறை, அதற்குப் பிறகு மடியில் உட்காரவைத்து இது என்ன என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்தேன்? கண்ணை அகலத் திறந்து, கைகளை விறைப்பாக நீட்டி, கீக் கீக் என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே போய் நாலு கிளாஸ் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தேன். பையன்கள் தரையில் புரண்டார்கள். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எந்தத் தாய்க்கும் பலவீனம் அந்த முகம்தான். அதற்காக அந்த வாரம் முழுவதும் நடித்தேன். பிறகு மாதக்கணக்கில். நீ அழுத்தினால் பிஸ்கட், அழுத்தினால் குடை, அழுத்தினால் ஷூவுக்குப் பாலிஷ். இர்மாவின் பிள்ளைகள்கூட வந்து, “தாந்தின், நானும் ஒரு தடவை அழுத்தட்டுமா?” என்று அத்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்கள். விட்டேன்.

ஒருநாள் இர்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். “மதாம், நான் என் பிள்ளைங்களை அடிச்சுட்டேன். என் கழுத்துல தொங்கற சிலுவையை யாராவது இப்படி இழுத்து விளையாடினா நான் கையை உடைச்சிருப்பேன். நீங்க ஏன் சிரிக்கறீங்க?” பிள்ளைகள்தானே என்றேன். “பிள்ளைங்கதான்” என்றாள். “அதுங்க வளருமே.”

நீ வளர்ந்தாய். பன்னிரண்டு வயதில், ஒரு மழை நாளில், நீ குடை எடுக்காமல் போய்விட்டாய் என்று பஸ் நிறுத்தத்துக்குக் குடை கொண்டுவந்தேன். உன் வகுப்புப் பையன் ஒருவனும் அவன் தாயும் காரில் உன்னைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, இது யார் என்று உன்னைக் கேட்டாள். நீ என்னைப் பார்க்காமல், “எங்க வீட்டுல வேலை செய்யறவங்க” என்றாய். எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது என்று உனக்கும் தெரியும். அந்த அம்மாள் என்னிடம், பையனை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாய் என்று பிரெஞ்சில் சொன்னாள். நான், “உய், மதாம்” என்றேன். உன் புத்தகப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, குடையை உனக்குப் பிடித்து, அரை அடி பின்னால் வீடுவரை நடந்து வந்தேன். கார் எப்போதோ போய்விட்டது. தெருவில் யாரும் இல்லை. அப்படியும் நான் பின்னாலேயே நடந்தேன், நீயும் திரும்பிப் பார்க்கவில்லை. வேஷத்தை நீ கொடுத்தாய். ஆட்டத்தை நான் ஆடினேன். அன்று இரவு எதுவும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. மறைத்தது உன்னைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவமானம் வெளியே தெரியக்கூடாது என்றுதான் மறைத்தேன்.

இதற்குப் பிறகுதான் நீ அம்மா என்பதை விட்டு மா என்றாய். வாங்க போங்க நின்றது. தமிழில் கேட்டால் கிரியோலில் பதில். பரீட்சைக்கு உதவும் என்று நான் உன்னோடு ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன், அதுவும் என் கெட்டிக்காரத்தனம். இப்போது உனக்குக் கோயிலில் பாடும் நாலு வரி தெரியும். அதற்கும் பொருள் தெரியாது.

இனி எழுதப்போவது உன்னைப் பற்றி இல்லை. உன் அப்பா இதைக் கிரியோலில் சொல்லத் தயங்குவார். தாண்டிப் போகாமல் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தீவுக்கு வந்த முதல் வருஷம் உன் அப்பா என்னைக் கான் தெ மாஸ்க்குக்கு அழைத்துப் போனார். கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகள், அவருடைய சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள். அவர்கள் எனக்காகவே தமிழில் பேசினார்கள். நூறு வருஷமாகக் கடலுக்கு இந்தப் பக்கம், வெட்டும் அரிவாளோடும் சாமி பாட்டோடும் பிழைத்து வந்த தமிழ். சொற்கள் குறைவு. குறைந்த இடத்தில் கிரியோல். உச்சரிப்பில் பிரெஞ்சுக்காரன் தொண்டை. நான் கல்லூரிப் பெண், அதுவும் திருச்சிப் பெண். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள், விருந்தாளி சந்தோஷமாக இருக்கிறாள் என்று.

உன் அப்பாவின் தமிழும் அதே தமிழ்தான். திருச்சியில் நாலு வருஷம் இருந்தும் அது மாறவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அது எனக்கு அழகாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு திருத்த ஆரம்பித்தேன். சாப்பிடும்போது திருத்துவேன், கடைக்குப் போகும்போது திருத்துவேன். உனக்கு இரண்டு வயது இருக்கும்போது, போர்ட் லூயிஸில் ஜவுளிக்கடை வைத்திருந்த இந்தியக் குடும்பம் ஒன்று நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. அவர்களுக்கு முன்னால் உன் அப்பா ஏதோ ஒரு கதை சொன்னார், அவருடைய தமிழில், உற்சாகமாக. அவர் முடித்ததும் நான் அவரைப் போலவே அந்தக் கதையைத் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அதே இழுப்பு, அதே தொண்டை. விருந்தாளிகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். “என் பொண்டாட்டி நல்லா பண்றாள்ல?” என்றார். எனக்குக் கைதட்டல் பிடித்திருந்தது. அதற்கப்புறம் ஆள் வரும்போதெல்லாம் என்னைச் செய்யச் சொன்னார்கள், நான் செய்தேன், அவர் சிரித்தார்.

எந்த நாள் என்று சொல்ல முடியாது, அவர் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார். உன்னோடு கிரியோல், என்னோடு ஆங்கிலம். நான் அதைக் கவனிக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. கவனித்தபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேச்சு வளரும் வயதில் நீ வளர்ந்தது அப்பாவின் தமிழ் இல்லாத வீட்டில். அதை வெளியே அனுப்பியது நான். அரங்கத்தில் அவர் ஏன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குச் சனிக்கிழமைதான் புரிந்தது. வீட்டுக்காரர்களின் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவருக்கு என்னிடமிருந்தே தெரியும்.

ஆகவே நீ செய்வதை நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அதற்காக உன்னை மன்னிக்கவும் மாட்டேன். நான் தப்பு செய்தேன், நீயும் செய்யலாம் என்று எந்தக் கணக்கிலும் வராது. உனக்குப் பதினெட்டு வயது. எட்டு வயதில் அழுத்தியது விளையாட்டு, பன்னிரண்டில் சொன்னது பயம். பதினெட்டில் அலமாரியைத் திறந்து ரவிக்கையை எடுத்து, தையற்காரியிடம் கொடுத்து, தொப்பிக்கும் ஏற்பாடு செய்தாயே, அதற்கு என்ன பெயர்? நன்றாக யோசித்துச் செய்த காரியம் அது. நீ படிப்பில் இவ்வளவு முன்யோசனை காட்டியதில்லை.

கிளம்பும் பிள்ளைக்கு அறிவுரை சொல்வது வழக்கம் என்பதால் சொல்கிறேன். பொய் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் உன்னைப் பற்றி மட்டும் சொல்; பக்கத்தில் நிற்பவர்கள் உடம்பை அதற்குக் கேட்காதே. உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கும்போது அவர்களோடு சேர்ந்து சிரிக்காதே. ஒரு தடவை சிரித்தால் அதைத் தினமும் எதிர்பார்ப்பார்கள். கல்யாணம் செய்துகொண்டால் உன் மனைவி பேசுவதை நடித்துக் காட்டாதே, எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும். அந்த நாட்டில் உனக்குப் பிள்ளை பிறந்து, உன் முகத்தில், நிறத்தில், நீ கழுவ முடியாத ஏதோ ஒன்றில் விரலை வைத்து அழுத்தும் நாள் ஒன்று வரும். அன்று எலுமிச்சைச் சாறு கொண்டுவராதே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கல்லூரியில் இதில் எதுவும் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கவுனையும் தொப்பியையும் இர்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். “தொப்பி சரி, கவுனை நான் என்ன செய்யறது மதாம்? இந்த அளவுக்கு இந்தத் தெருவுல வேற ஆள் இல்லையே” என்றாள். தலையணை உறை தைத்துக்கொள் என்றேன். “பையன் போயிடுவானா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். “போகணும்னு இருக்கறவன் போயிடுவான்” என்றாள். “நீங்க என்ன செய்யப்போறீங்க, அதைச் சொல்லுங்க.” அவளுக்கு அங்கே பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் வருவேன். நம் ஊர் போ பசானிலிருந்து ஏழரை மணி பஸ்ஸில், உங்கள் இரண்டு பேரோடும் வருவேன். தனியாகப் பின்னால் உட்கார மாட்டேன். என்னிடமிருக்கும் நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொள்வேன், கோயிலுக்குப் போவதைப்போலவே வருவேன். நீ வேண்டாம் என்று சொல்லலாம், அப்பாவிடம் அழலாம், வேறு பஸ்ஸில் போகலாம். அந்த அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அங்கிருந்து வந்த கடிதத்தை நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாய். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும்.

உள்ளே உன் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். நானாக ஒரு வார்த்தை பேச மாட்டேன், உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். என்னைப் பார்த்ததும் அந்த அதிகாரி என்னிடம் கேட்க மாட்டார், உன்னிடம்தான் கேட்பார், இந்தப் பெண் யார் என்று. பஸ் நிறுத்தத்தில் கார்க்கண்ணாடியை இறக்கிய அந்த அம்மாளைப் போலவே கேட்பார். வேலைக்காரி என்று நீ சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. உன் அப்பா மறுப்பாரா என்பது அவரும் நீயும் தீர்த்துக்கொள்ள வேண்டியது. அம்மா என்று சொன்னால் உன் விண்ணப்பம் அந்த மேசையோடு நின்றுபோகலாம், கப்பல் நீ இல்லாமல் கிளம்பலாம், வாழ்நாள் முழுக்க நீ என்னை அதற்காக வெறுக்கலாம். அந்த வெறுப்போடு இந்த வீட்டில் இருக்க எனக்குத் தைரியம் இருக்கிறது. எது உனக்கு வேண்டுமோ அதைச் சொல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்.

காலமானார் என்று எழுதுவதானால் வீட்டில் எழுதி எடுத்து வராதே. அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவா. நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எழுது. பேனா நான் தருகிறேன்.